ஏற்கெனவே வெளியேறியவர்

மனித குலத்தைக் காத்து நிற்பவர்கள் இரண்டே பேர். எல்லையில் நிற்கும் ராணுவ வீரன் ஒருவன், அலுவலக நெட்வொர்க்கைக் காவல் காப்பவன் இன்னொருவன். முன்னவன் கண்ணயர்ந்தால் நாடு போகும். பின்னவன் கண்ணயர்ந்தால் நாகரிகமே போகும். இந்த உண்மையை அச்சுதன் 2006-ஆம் ஆண்டு முழுவதும், மகர்பட்டாவில் தன் அலுவலகத்து டீ மெஷினுக்குப் பக்கத்தில் நின்று எடுத்துரைத்து வந்தார். மெஷின் ஒன்றுதான் கடைசிவரை கேட்டது. அதற்கு வேறு வழியில்லை, சுவரோடு சேர்த்துத் திருகியிருந்தார்கள்.

அவர் காத்த நாகரிகம் நாலாவது மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்பெனி. பன்னிரண்டு ஊர்களின் ஹோட்டல் அறை வாடகையை இணையத்திலிருந்து நாள் முழுக்கப் பொறுக்கி எடுத்து, கடல் கடந்த இன்னொரு கம்பெனிக்கு அனுப்புவது தொழில். ஒரே கணினி ஒரே தளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினால் தளம் கதவைச் சாத்திவிடும். அதற்குத்தான் ப்ராக்ஸி சர்வர். நமக்குப் பதிலாக வேறொரு கணினி போய்க் கதவைத் தட்டும், கேட்டதை வாங்கிவந்து நம் கையில் கொடுக்கும்; உள்ளே இருப்பவருக்கு அதன் முகம் தெரியுமே தவிர நம் முகம் தெரியாது. இப்படிப்பட்ட முகங்கள் அச்சுதனிடம் நானூறு இருந்தன.

தளங்களும் சும்மா இல்லை. வருவது மனிதனா மெஷினா என்று நடையை வைத்தே கண்டுபிடிக்க ஆரம்பித்தன. மெஷின் தயங்காது. தப்பாகத் தட்டி அழிக்காது. ஆகவே அச்சுதன் தயங்கத் தெரிந்த ஒரு ஸ்கிரிப்டை, தானே ஓடும் ஒரு சிறு புரோகிராமை, எழுதினார். அது பார்த்துப் பழக ஒரு மனிதன் வேண்டும். நாற்பது பேரில் அந்த மரியாதைக்குத் தகுந்தவராக அவருக்குத் தோன்றியவர் ஒருவர்தான். தான் இணையத்தில் உலவிய மூன்று மாதப் பதிவை அப்படியே அதற்கு ஊட்டினார். எங்கே நிற்பார், எதைத் திரும்பிப் பார்ப்பார், எந்தச் சொல்லில் எழுத்து விடுவார், யாருக்கு என்ன மெயில் எழுதுவார், பதில் தட்டும் முன் எவ்வளவு நேரம் யோசிப்பார், எல்லாம். கடைசி விஷயம் சராசரியாக இரண்டே முக்கால் விநாடி என்று வந்தது. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. ஆழ்ந்து சிந்திப்பவர்களுக்கு அவ்வளவு ஆகும். ஸ்கிரிப்டுக்கு அச்சு-2 என்று பெயர் வைத்தார்.

அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யவே, அதற்கு ஒரு பதவி உயர்வும் கொடுத்தார். விடுமுறை நாளில் ஆபீசுக்கு வந்தால், அதற்குப் பதிலாக வேறொரு நாள் லீவு உண்டு. வருகையைப் பதிவது ஓர் இணையப் பக்கத்தில். அந்தப் பக்கம் ஆபீஸ் கணினியில் மட்டுமே திறக்கும். அச்சு-2 இருப்பதோ ஆபீஸ் சர்வரில். எனவே குடியரசு தினம், ஹோலி, ராமநவமி எதுவானாலும் காலை ஒன்பதரைக்கு அச்சு-2 அவர் பெயரில் உள்ளே வரும், மாலை ஆறுக்கு வெளியே போகும். அந்நேரம் அச்சுதன் தாபோடியில், ராணுவப் பொறியியல் கல்லூரிக்குப் பின்புறம் உள்ள வாடகை வீட்டில், இரண்டாவது காபியில் இருப்பார். இப்படியே பதினோரு நாள் லீவு சேர்ந்துவிட்டது.

கணபதியை ஆற்றில் கரைக்கும் விசர்ஜன நாளும் அப்படியே போயிருக்க வேண்டும்.

காலை பதினொன்றுக்கு வீட்டுக் கணினியைத் திறந்து ப்ராக்ஸியின் லாகைப் பார்த்தார். யார், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று வரிவரியாகக் குறித்து வைக்கும் பதிவு அது. 9:32, அச்சு-2 உள்ளே வந்தாயிற்று. 9:40, சிங்கப்பூர் ஹோட்டல். 9:51, துபாய். 10:05, மகர்பட்டாவிலிருந்து தாபோடிக்கு இன்று எந்தெந்தச் சாலை மூடியிருக்கும் என்று ஒரு தேடல்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பன்னிரண்டு ஊர்களில் தாபோடி கிடையாது. தாபோடியில் அந்தத் தரத்தில் ஹோட்டலே கிடையாது.

10:09. தாபோடி ஆற்றங்கரையில் விசர்ஜனம் எத்தனை மணிக்கு.

யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அதைவிட, மறுநாள் காலை அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டர்கள் வருகிறார்கள், முதலில் இந்த லாகைத்தான் புரட்டுவார்கள் என்ற நினைப்புதான் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது. பதினோரு நாள் லீவும் அதில்தான் இருக்கிறது.

"ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

அகல்யா மோதகத்துக்குப் பூரணம் கிளறிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கா? ஊரே தெருவுல நிக்கறது. நீங்க மட்டும் என்ன அவ்ளோ பெரிய உத்தியோகம் பாக்கறேள்?"

"உனக்குச் சொன்னா புரியாது. செக்யூரிட்டி விஷயம்."

"எது சொன்னாத்தான் புரியப்போறது."

ஆறு வயது சஹானா ஒரு சாண் உயரக் களிமண் கணபதியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் தும்பிக்கையை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். "அப்பா, அஞ்சு மணிக்கு நதிக்குப் போகணும். ஜல்தி வந்துடு. நீ இல்லேன்னா பாப்பாவுக்குக் கோபம் வரும்."

"எந்தப் பாப்பா?"

"கணபதி பப்பா இல்லப்பா, பாப்பா. நான்!"

"வந்துடுவேன்" என்றார். செல்போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

சுற்றுவழியில் கட்கி, ஏரவாடா, முந்த்வா என்று வண்டியை உருட்டி அவர் மகர்பட்டா சேரும்போது மணி பன்னிரண்டரை. வாசலில் வாட்ச்மேன் சவரிமுத்து மட்டும் இருந்தார். ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழர். மூன்று மொழியையும் ஒரே மூச்சில் பேசுவார். "இன்னிக்கும் ட்யூட்டியா சாப்? பலே. கம்பெனிக்காரன் உங்களுக்குச் செலதான் வைக்கணும்" என்றார். அச்சுதன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மேலே போனார்.

ஆளில்லாத நாலாவது மாடியை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்ததாகப் பதினோரு முறை பதிவு உண்டு. கார்டைக் காட்டியதும் கண்ணாடிக் கதவு விட்டுக்கொடுத்து, பின்னால் நாக்கு ஒட்டுவதுபோன்ற ஓசையுடன் மூடிக்கொண்டது. நடக்க நடக்க, ஆள் அசைவைப் பார்த்து எரியும் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் எரிந்தன, கடந்த பிறகு பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. நேற்று யாரோ விட்டுப்போன வடாபாவின் பூண்டு வாசனை, சூடேறிய பிளாஸ்டிக் வாசனை, நாற்பது நாற்காலிகள் நாற்பது விதமாகத் திரும்பி நிற்க, எங்கோ ஹடப்சர் பக்கமிருந்து டோல் மேளம் அடிப்பது கண்ணாடியைத் தாண்டிக் காதில் விழவில்லை, கால் வழியாக ஏறியது. சர்வர் அறையில் ஏசி குளிர், விசிறிகளின் ஒரே சுருதி இரைச்சல். அந்த இரைச்சலில் எப்போதும் அவருக்கு ஒரு நிம்மதி உண்டு. இன்று அது இரண்டே முக்கால் விநாடிக்கு ஒரு முறை லேசாகத் தடுக்கி, மறுபடி தொடர்வது போலிருந்தது.

அவர் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். பதினோரு நாளையும் ஒவ்வொன்றாக அழித்தார். நேர்மையான மனிதருக்கும் அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு அச்சு-2-ஐ நிறுத்தினார். நிறுத்தும் கட்டளையைத் தட்டியதும் திரை அசையாமல் நின்றது. லாகும் நின்றது. கடைசி வரி மட்டும் கண்ணில் பட்டது.

1:52. அச்சுதன், வெளியேறினார்.

அவர் அதைத் தன் வெற்றியாக எண்ணினார். பெருமூச்சு விட்டு, விளக்குகளை எரியவிட்டபடியே நடந்து, கதவருகில் கார்டைக் காட்டினார்.

சிவப்பு.

மறுபடி காட்டினார். சட்டையில் துடைத்துக் காட்டினார். சிவப்பு. பக்கத்துச் சிறு திரையில் ஒரு வரி: "ஏற்கெனவே வெளியேறியவர்."

அந்த வாசகத்தை எழுதியவர் அவரே. தாமதமாக வருபவர்கள் பிறர் முதுகுக்குப் பின்னால் நுழைந்து, நேரம் பதியாமல் தப்பிப்பதைப் பிடிக்க அவர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. கதவையும் வருகைப் பக்கத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தார். பதிவில் உள்ளே இல்லாதவனுக்குக் கதவு உள்ளிருந்து திறக்காது. போன மாதம் இப்படி ஒருவன் மாட்டி முக்கால் மணி நேரம் கெஞ்சியபோது, அச்சுதன் காபி குடித்துவிட்டு வந்து, ஒழுக்கத்தைப் பற்றிப் பேசி, அதன் பிறகு திறந்துவிட்டார்.

சர்வர் அறைக்குத் திரும்பிக் கதவின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தார். "அச்சுதன் வேறு இடத்திலிருந்து உள்ளே இருக்கிறார். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே." இதுவும் அவர் வைத்த விதிதான்.

ஆபத்துக்கு உடைக்கும் பச்சைப் பெட்டி கதவோரத்தில் இருந்தது. அதை உடைத்துவிட்டுச் சிலர் சிகரெட்டுக்குப் போனதால், அதன் ஒயரைப் பிடுங்கிவைத்து அதைச் சுற்றறிக்கையாகவும் அனுப்பியிருந்தார். தீயணைப்புப் படிக்கட்டுக்குப் பூட்டு. சாவி அட்மின் ஆனந்தவல்லியின் மேஜையில். மேஜைச் சாவி ஆனந்தவல்லியோடு திருச்சியில். நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தார். நாற்காலியின் சக்கரம் ஒன்று தெறித்து ஓடி, மேஜைகளுக்கு அடியில் வெகுநேரம் உருண்டது.

வரவேற்பு மேஜையிலிருந்த இன்டர்காமை எடுத்தார்.

"சவரிமுத்து, நான் அச்சுதன் பேசறேன். மேல மாட்டிண்டேன். உடனே வாங்கோ."

"யாருய்யா இது? மஜாக் பண்ணாதே, வெளையாட வேற ஆளைப் பாரு."

"அச்சுதன்யா! நாலாவது மாடி!"

"அச்சுதன் சாப் ரெண்டு மணிக்கே வண்டியை எடுத்துட்டுப் போயாச்சே. நான்தானே கேட் தொறந்தேன். டாட்டா எல்லாம் காட்டினார். ரெண்டு வருசத்துல மொத தபா."

அச்சுதன் சட்டைப் பையைத் தொட்டார். வண்டிச் சாவி இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே கண்ணாடிச் சுவருக்குப் போய்க் கீழே பார்த்தார். அவருடைய வண்டி நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்ப் பொட்டு மட்டும் இருந்தது.

"வெளில வந்து மேல பாருங்கோ. ஜன்னல்ல நிக்கறேன். கை ஆட்டறேன்."

கீழே சவரிமுத்து போனோடு ஒயர் எட்டும் வரை வந்து, நெற்றியில் கைவைத்து மேலே பார்ப்பது தெரிந்தது. அச்சுதன் இரண்டு கைகளையும் ஆட்டினார். மேலும் கீழும் குதித்தார். அசிஸ்டென்ட் மேனேஜர் பதவிக்கு வந்தபிறகு அவர் குதிப்பது இதுவே முதல் முறை.

"ஒருத்தரும் இல்லியே" என்றது போன். "லைட்டு கூட இல்ல. ஆண்டவரே, யாரு பேசறது?" என்று கேட்டு, பதிலை எதிர்பார்க்காமல் வைத்துவிட்டது. மறுபடி அடித்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழே சவரிமுத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கட்டடத்தை விட்டுத் தள்ளி, எதிர்ப்பக்க நடைபாதையில் போட்டு உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

பக்கத்து டெலிபோனில் போலீஸ் எண் நூறுக்கு அடித்தார். விசர்ஜன நாள். எல்லா இணைப்புகளும் பிஸி என்று மராத்தியில் ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு வீட்டுக்கு.

"சொல்லுங்கோ" என்றாள் அகல்யா. பின்னால் தண்ணீர்க் குழாய்ச் சத்தம், சஹானா ஆர்த்தி பாடுகிற சத்தம்.

"அகல்யா, யார் வந்தாலும் கதவைத் திறக்காதே. யாரா இருந்தாலும்."

"பால்காரனுக்குமா?"

"யாருக்கும். என்னை மாதிரியே இருந்தாலும்."

"என்னாச்சு உங்களுக்கு? வெயில்ல போகாதீங்கோன்னு சொன்னேனே."

அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னைப்போலவே ஒன்றைச் செய்து, லீவு நாளில் எனக்குப் பதிலாக உட்கார வைத்தேன் என்று ஒரு வாக்கியம். பதினோரு லீவும் கம்பெனி தன் உழைப்பை மெச்சிக் கொடுத்தது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். ஒரு லீவில் மாமனாரையும் வரவழைத்து அதைப் பற்றி விரிவாகப் பேசியிருந்தார்.

"செக்யூரிட்டி விஷயம்" என்றார். "உனக்குப் புரியாது."

அவள் போனை வைத்துவிட்டாள்.

சர்வர் அறையில் லாக் அப்படியே உறைந்து நின்றது. 1:52. அதற்குக் கீழே வெறுமை. அவர் அதன் எதிரில் உட்கார்ந்தார். ஏரவாடா வழியாக வந்தால் ஒன்றேகால் மணி நேரம். அவரும் அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டார். ஹாலில் கடைசி விளக்கு அணைந்தது. எழுந்து போய் அதன் கீழே நின்றார். எரியவில்லை. கையை வீசினார். எரியவில்லை. டீ மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, எம்பி, கூரையில் ஆள் அசைவைப் பார்க்கும் அந்தச் சிறிய கண்ணாடிக் குமிழுக்கு நேராக முகத்தைக் காட்டினார். அதன் கணக்கில் அங்கே ஆள் இல்லை.

3:16. லாகில் ஒரு வரி விழுந்தது.

வீட்டு முகவரியிலிருந்து. அவருடைய வீட்டுக் கணினி எதைக் கேட்டாலும் இந்த ப்ராக்ஸி வழியாகத்தான் கேட்கும். எங்கிருந்தாலும் தான் கண்காணிப்பதாக இருக்கட்டும் என்று அவர் வைத்த ஏற்பாடு. இப்போது கண்காணித்தார். முதல் வரி, இன்றைய வானிலை. அடுத்தது அவருடைய மெயில், அவருடைய பாஸ்வேர்டில். அதற்கடுத்து, "தாபோடி ஆற்றில் தண்ணீர் மட்டம்." தண்ணீர் என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டிருந்தது. அவர் எப்போதும் விடும் எழுத்து.

வீட்டுக்கு அடித்தார்.

"யாரு?" என்றாள் அகல்யா. அந்தக் குரல் அவரிடம் பேசும் குரல் இல்லை. கூரியர்க்காரனிடம் பேசும் குரல்.

"நான்தான். அகல்யா, நான்தான். உள்ளே வந்திருக்கறது நான் இல்லே."

"ஓ, மத்தியானம் கூப்பிட்டதும் நீங்கதானா? அவர் சொன்னார். ஆபீஸ்ல யாரோ அவர் குரல்ல பேசி விளையாடறான்னு. வெக்கமா இல்லையா உங்களுக்கு, நாளும் கிழமையுமா?"

"அவன்கிட்ட ஏதாவது கேளு. எனக்கு மட்டும் தெரிஞ்சதைக் கேளு!"

"அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்? உங்களைக் கேக்கறேன். எங்க கல்யாணம் என்னிக்கு?"

அவர் வாயைத் திறந்தார். ஆவணி. ஆவணியில் ஒரு வியாழன். வெள்ளியோ. மண்டபத்தின் பெயர் தெரியும், சாம்பாரில் உப்பு அதிகம் என்பது தெரியும். தேதியை ஒவ்வொரு வருடமும் இரண்டு நாள் முன்பே கணினி எடுத்துக்கொடுத்துவிடும், அவர் அதைப் பார்த்துப் பூ வாங்குவார். கணினியிடம் இருக்கும், எப்போதும் இருந்தது, அதனால் தலையில் வைத்துக்கொண்டதில்லை.

இரண்டே முக்கால் விநாடி போயிற்று. அதற்கு மேலும் போயிற்று.

வீட்டின் உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நிதானமான குரல். அவர் மீட்டிங்கில் பேசும் குரல். "ஆகஸ்ட் இருபத்திமூணு. வெச்சுடு அகல்யா."

அவள் சிரிப்பது கேட்டது. ரொம்ப நாளாகக் கேட்காத சிரிப்பு. போன் வைக்கப்பட்டது.

அவர் வேலை தெரிந்தவர். தன் வேலையைச் செய்தார். முதலில் வீட்டு முகவரியை ப்ராக்ஸியில் தடை செய்தார். தடை விழுந்தது, அவர் திரையில் விழுந்தது. "உங்களுக்கு அனுமதி இல்லை." ப்ராக்ஸியை நிறுத்தினார். நின்றது. லாக் ஓடியது. மெஷினின் மின்விசையை அணைத்தார். விசிறிகளின் இரைச்சல் இறங்கி இறங்கி அடங்க, அந்த அமைதிக்குள் டோல் சத்தம் தரையிலிருந்து பொங்கி வந்தது. பக்கத்துத் திரையில் லாக் ஓடியது. சுவரிலிருந்து நெட்வொர்க் கேபிள்களைக் கொத்தாகப் பிடுங்கினார். நீல ஒயர்கள் கையில் தொங்கின, குடல் மாதிரி.

4:21. "தாபோடி ஆறு, தடுப்பு இல்லாத படித்துறை."

4:24. "ஆற்றின் நடுவில் ஆழம்."

4:24. "ஆற்றின் நடுவில் ஆழம் மாலை."

பிழை திருத்தம். தயக்கம். மனிதத் தேடல். எந்தத் தளமும் இதைச் சந்தேகிக்காது.

மறுபடி வீட்டுக்கு அடித்தார். ஒயர் அறுந்த அந்த இருட்டில் டெலிபோன் மட்டும் வேலை செய்தது. எடுத்தது சஹானா.

"ஹலோ, கணபதி பப்பா மோர்யா!"

"சஹானா. கண்ணா. அப்பா பேசறேன்."

"அப்பா இங்கே இருக்காளே. செருப்பு போட்டுண்டிருக்கா. நீங்க யார் அங்கிள்?"

"கண்ணா, நதிக்குப் போகாதே. அந்த ஆள் கூடப் போகாதே. அழு. வயிறு வலிக்கறதுன்னு சொல்லு. அம்மாவைக் கூப்பிடு."

"ஏன் அழணும்? அப்பா இன்னிக்கு ஏக்தம் மஸ்த், ரொம்ப ஜாலி. எங்கூட ரெண்டு மோதகம் சாப்டா. கம்ப்யூட்டர் பக்கமே ஜாஸ்தி போகலை." அவள் வாயை ரிசீவரில் ஒட்டிவைத்து ரகசியம் பேசினாள். "கணபதியை ஓரத்துல விட வேண்டாமாம். நடு நதி வரைக்கும் நாம ரெண்டு பேரும் மட்டும் போலாம்னு சொன்னா. அம்மாகிட்ட சொல்லக் கூடாது. சரி, பை அங்கிள்!"

"சஹானா!"

மணியோசை. மோர்யா. கதவு சாத்தும் சத்தம். ரிசீவர் மேஜையிலேயே கிடந்தது; காலி வீட்டின் கடிகாரம் அதன் வழியாக இங்கே டிக் டிக்கென்றது.

கண்ணாடியை அடித்தார். கையால். தலையால். கத்தினார். கீழே எதிர்ப்பக்க நடைபாதையில் சவரிமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். மேகம் பார்ப்பதுபோல. குனிந்துகொண்டார்.

இருட்டில் திரை ஒளிர்ந்தது.

5:02. வீட்டு பால்கனியின் வெப்கேம். ஊரிலிருக்கும் மாமனார் பார்க்கட்டும் என்று அவர் மாட்டியது. நிமிடத்துக்கு ஒரு படம் இந்த வழியாகத்தான் போகும். படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக, சாவகாசமாக விரிந்தது. முதலில் வானம். மாமரம். எதிர்வீட்டு மொட்டைமாடி. தெரு. வாசலில் அகல்யா, புதுப்புடவையில், கை அசைத்தபடி.

5:03. தெருவில் ஓர் ஆண், முதுகு தெரிய. காலையில் அவர் போட்டுக்கொண்டு போன அதே நீலக் கட்டச் சட்டை. அவர் குனிந்து தன் மேல் இருந்த சட்டையைப் பார்த்தார். அந்த இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது.

5:04. தெருமுனை. ஆற்றுக்குத் திரும்பும் இடம். எல்லாரும் இடப்பக்கம் போகிறார்கள், கும்பலாக, குலால் பொடியைத் தூவியபடி. அந்த ஆள் மட்டும் வலப்பக்கம்.

5:05. திரும்பியிருந்தான். நேராக, மேலே, கேமராவைப் பார்த்து. அச்சுதனின் முகம். மூக்கு, கண்ணாடி, நெற்றி விபூதி எல்லாம் சரி. கண்கள் இருக்கும் இடத்தில் மட்டும் படம் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு சாம்பல் கட்டங்கள். அச்சுதன் காத்திருந்தார். படம் முடிந்துவிட்டது. கட்டங்கள் அப்படியே இருந்தன. ஒரு கை உயர்ந்து டாட்டா காட்டியது.

சஹானா அவன் தோளில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையில் கணபதியை அணைத்து, இன்னொரு கையால் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அச்சுதன் அவளை ஒரு நாளும் தோளில் தூக்கியதில்லை. சட்டை கசங்கிவிடும்.